விழுகிற வேலை

ஜனவரி 9

தம்பிக்கு,

இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி, எனக்குத் துறைத்தலைவர். இரண்டும் தீருகிற வழியாக இல்லை. நீயும் உன் பெண்டாட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று போன் போட்டுக் கேட்கலாம் என்றால், கைபேசி அலை பட்டால் சக்தி கலைந்துவிடும் என்று உங்கள் ஆசான் அதையும் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். போகட்டும். கடிதத்தில் திட்டினால் நீ பாதியில் வைத்துவிட முடியாது.

நேற்று துறையில் ஒரு வீடியோ போட்டார்கள். ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்டு, காலேஜ் பிள்ளைகளைப் போலப் பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சீருடையில் ஒருவன் ஓடி வருகிறான். எதிரே தொப்பையோடு ஒரு ஆள், ஈ ஓட்டுவது போலக் கையை ஆட்டுகிறார். ஓடி வந்தவன் பின்பக்கமாகப் பறந்து போய்த் தொப்பென்று விழுகிறான். எழுந்து மறுபடி ஓடி வருகிறான், மறுபடி விழுகிறான். என் பக்கத்தில் இருந்தவர் "ஆகா" என்று தொடையைத் தட்டினார். விழுந்தவன் நீ.

நீ அங்கே மாணவன் என்று தெரியும். இந்த வேலை பார்க்கிறாய் என்று தெரியாது. போர்க்கலைகளின் வரலாற்றைக் கிளறித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். எந்த அடி எந்தப் படைப்பயிற்சியிலிருந்து வந்தது, யார் யாரிடம் கற்றார்கள் என்று பழைய தாள்களைப் புரட்டியே கண் கெட்டது. கை படாமல் ஆள் விழுந்ததைக் கதைகளில் படித்திருக்கிறேன். கதையைக் கதை என்று சொல்லவும் எனக்குத்தான் சம்பளம்.

இப்போது ஆகஸ்டில் உங்கள் ஊரில் கருத்தரங்கமாம். உங்கள் ஆசானுக்குக் கௌரவ டாக்டர் பட்டமாம். அவருடைய 'இரண்டாயிரம் ஆண்டு மரபை' நான் கட்டுரையாக எழுதித் தர வேண்டுமாம். அதற்கு முன்னால் நீ எனக்கு ஒன்றே ஒன்று சொல். உன்னை ஏதாவது தள்ளுகிறதா, இல்லை நீயாக விழுகிறாயா?

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். மாமாவின் முழங்காலை வெயிலில் காட்டச் சொல். என் வீட்டுக்காரி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். இங்கே எல்லோருக்கும் சீருடை தைப்பது அவள்தான் என்பதால் தையல்கடைக்கும் வீட்டுக்கும் நடந்தே இளைத்துப் போனாள்.

நீ வீடியோவில் பார்த்ததை வைத்து முடிவு கட்டாதே. விழுவது என்றால் சும்மா இல்லை. தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், மூச்சை விட வேண்டும், உள்ளங்கையால் தரையை அறைய வேண்டும். எங்கள் கூடத்தில் என்னைப் போல விழ ஆளே கிடையாது. ஆசான் எந்த ஊருக்குப் போனாலும் "அவனைக் கூப்பிடு" என்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லித் தருகிறேன்.

அடுத்த மாதம் உன்னைப் போலப் படித்தவர்கள் சிலர் கேமராவோடு வருகிறார்களாம். அவர்களுக்காவது நம்பிக்கை இருக்கிறதே என்று சந்தோஷமாக இருக்கிறது.

தோளில் மட்டும் கொஞ்சம் பிடிப்பு. தைலம் போட்டால் சரியாகிவிடும்.

தம்பி

*

பிப்ரவரி 17

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்டால் தைலம் என்கிறாய். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. மறந்துவிட்டாய் போலும்.

உங்கள் கூடத்தின் சரித்திரத்தைத் தோண்டிப் பார்த்தேன். அவர்களே அச்சடித்த விளம்பரத் தாள்கள் நூலகத்தில் இருக்கின்றன. முதல் தாளில் உங்கள் கலைக்கு வயது முந்நூறு. அடுத்த தாளில் எண்ணூறு. இப்போது இரண்டாயிரம். மனிதனுக்கு வருஷத்துக்கு ஒரு வயது கூடும், உங்கள் கலைக்கு அச்சுக்கு ஒரு தடவை கூடுகிறது. 'குகையில் முனிவர் கண்ட நிலைகள்' என்று படம் போட்டிருக்கிறார்களே, அத்தனையும் சிறைக்காவலர்களுக்குக் காலையில் கொடுத்த உடற்பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. வரிசைகூட மாறவில்லை. முனிவர் ஜெயிலில் இருந்தாரோ என்னவோ.

இதைத் துறைத்தலைவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மரபுங்கறது ஒரு உணர்வும்மா. தாளை வெச்சு அளக்கக் கூடாது" என்றார். தாளை வைத்து அளக்கத்தான் இந்த மனுஷர் என்னை வேலைக்கு எடுத்தார். புதுக் கட்டடத்துக்கு உங்கள் ஆசான் நன்கொடை கொடுத்த பிறகு உணர்வு வந்துவிட்டது. அவர் குடித்து வைத்த டீ கிளாஸைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

உன் மாமாவிடம் சொன்னேன். "உன் தம்பி கைய ஆட்டினா விழறான். நான் தொண்டை கிழிய கத்தினாலும் நம்ம வாட்ச்மேன் எழுந்திருக்க மாட்டேங்கிறானே" என்றார். சிரித்தேன். பிறகு அந்த ஓடி வருகிற முகம் ஞாபகம் வந்தது.

தள்ளுகிறதா, விழுகிறாயா? சொல்.

அக்கா

*

ஏப்ரல் 21

அன்பு அக்காவுக்கு,

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கழுத்துப்பட்டை எலும்பில் சின்ன விரிசல். வேறு ஒன்றும் இல்லை. அதனால்தான் தாமதம்.

ஒரு வேடிக்கை நடந்தது, சிரிக்காதே. கேமராக்காரர்கள் வந்தார்கள். என் மார்பில், முதுகில், நெற்றியில் என்று எங்கே பார்த்தாலும் ஒயர் ஒட்டினார்கள். ஆசான் கண்ணை மூடி நின்றார். அவர் கை தூக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு எறும்பு காலில் கடித்தது. காலை உதறப் போய்த் தடுமாறினேன். தடுமாறின பிறகு என்ன செய்ய? வழக்கம் போல விழுந்துவிட்டேன். சரியாக விழவில்லை, தோள் முன்னால் போய்விட்டது.

கூடம் முழுக்க ஒரே பரபரப்பு. ஆசான் கையைத் தூக்கவே இல்லை, அதற்குள் ஆள் விழுந்துவிட்டான் என்று கேமராவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அழுதேவிட்டார். எறும்பு என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

உன் தம்பி

அண்ணி, 'சின்ன' என்பது அவர் எழுதச் சொன்னது. அதோடு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் ஆட்டோ பிடித்தேன்.

*

மே 6

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. எலும்பு கூடிவிட்டதா என்று மட்டும் உன் பெண்டாட்டியை எழுதச் சொல். நீ எழுதினால் எனக்கு நம்பிக்கை வராது.

உன் எறும்பு என் மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நீளமான கட்டுரை, வரைபடங்களோடு. 'உடல் அசைவு தேவையில்லை. ஆசானின் எண்ணமே போதும் என்பதற்கான முதல் சான்று' என்று எழுதியிருக்கிறார்கள். உன் கால் உதறல் ஒரு கோடாக மேலே போய் இறங்குகிறது. அந்தக் கோட்டுக்கு ஒரு பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். இவர்கள் எல்லாம் என்னோடு படித்தவர்கள். எலும்பு உடைந்ததைப் பற்றி அடிக்குறிப்பில்கூட ஒரு வரி இல்லை. படித்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். நிஜமாகவே, சோப்புப் போட்டு.

எறும்பு என்று நான் சொன்னால், "தம்பி மேல பாசம், அதான் ஆசான் மேல பொறாமை" என்கிறார் துறைத்தலைவர். கட்டுரையை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கருத்தரங்கப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு நூலகத்தில் புத்தகம் சரிபார்க்கிற வேலை.

ஆகவே அந்த மேடையில் நம் வீட்டு ஆள் நீ ஒருவன்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விழாமல் நில். நீ பேச வேண்டாம், சண்டை போட வேண்டாம். அவர் கையை ஆட்டட்டும், நீ நில். அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அத்தனை பேர் வேஷமும் அங்கேயே கலைந்துவிடும். நீயும் முழு உடம்போடு வெளியே வந்துவிடலாம்.

அக்கா

*

ஜூன் 25

அக்கா,

நீ அனுப்பிய கடிதம் பிரித்து ஒட்டப்பட்டு வந்தது. ஆசான் படித்திருக்கிறார். கோபப்படவில்லை, சிரித்தார். "உங்க அக்காவுக்கு சந்தேகம் ஒரு வியாதி. பாவம். நீ நிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். என்னால் தலை நிமிர முடியவில்லை. இனி அவளுடைய தையல்கடை முகவரிக்கு எழுது. இதையும் அவள்தான் வெளியே கொண்டுபோய்ப் போடுகிறாள். கை இப்போது பரவாயில்லை, நானே எழுதுகிறேன்.

நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். சொல்கிறேன்.

சேர்ந்த முதல் நாள் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் ஒரு டாக்டர், அவருக்கு முன்னால் ஒரு நீதிபதி. ஆசான் ஒவ்வொருவராகக் கையைக் காட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் விழுந்தார்கள். நீதிபதி விழுந்தார் அக்கா. என் முறை வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றுகூட அடிக்கவில்லை. நான் மட்டும் நின்றால் என்ன அர்த்தம்? இத்தனை பெரிய மனுஷர்களும் பொய் என்று அர்த்தம். இல்லாவிட்டால் என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அர்த்தம். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? விழுந்தேன்.

நான்தான் எல்லோரையும்விட தூரமாகப் போய் விழுந்தேன். கைதட்டினார்கள். அதுவரை எனக்கு எதற்கும் யாரும் கைதட்டியது கிடையாது. பத்தாவதில் நீ மெடல் வாங்கியபோது நான் கைதட்டியிருக்கிறேன்.

இதை யாரிடமும் சொல்லாதே. மாமாவிடமும்.

தம்பி

*

ஜூலை 4

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அருவருப்பு எல்லாம் உன்மேல் இல்லை, தெரிந்துகொள். வரிசையில் நின்ற ஒரு பையனின் கூச்சத்தை வைத்துக் கடை போட்டிருக்கிறார்களே, அவர்கள்மேல்.

நீ நினைக்கிற மாதிரி அந்த நீதிபதிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. தனக்கு முன்னால் நின்றவன் விழுந்ததைப் பார்த்து அவரும் விழுந்திருப்பார். ஊர் ஓடும்போது ஒத்து ஓடு என்பது படித்தவனுக்கும் சேர்த்துத்தான்.

இங்கே வந்துவிடு. மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். உடற்பயிற்சி ஆசிரியர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, விசாரித்துவிட்டேன். ஆகஸ்டில் நின்றுவிட்டு நேரே பஸ் ஏறு. மாமா ஸ்டாண்டுக்கு வருவார்.

பயப்படாதே. நிற்பதற்குத் திறமை எதுவும் வேண்டாம்.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். கருத்தரங்கில் நடந்ததை அவர் எழுத மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். கடை மேஜையில் வைத்து எழுதுகிறேன், நூல் தூசி ஒட்டியிருந்தால் தப்பாக நினைக்காதீர்கள்.

அவர் நின்றார் அண்ணி.

நான் மேடைத் திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்றிருந்தேன். அரங்கம் நிறைந்திருந்தது. ஆசான் கையை ஆட்டினார். இவர் ஓடி வந்து, அவர் முன்னால் நின்றுவிட்டார். ஆசான் மறுபடி ஆட்டினார். இவர் நிற்கிறார். மூன்றாவது தடவை ஆசானுக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. முடிந்தது, இன்றைக்கே பெட்டி கட்டிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்போது உங்கள் துறைத்தலைவர் ஓடி வந்து மைக்கைப் பிடித்தார். "பார்த்தீங்களா! பார்த்தீங்களா! சக்தி அவருக்குள்ள இறங்கிடுச்சு! சீடர் குருவாயிட்டார்! வரலாற்றுல இப்படி ஒரு தருணத்த நாம நேர்ல பார்க்கறோம்" என்றார். ஆசான் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு பலே ஆள், சட்டென்று இவரைக் கட்டிப்பிடித்துத் தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்து இவருக்குக் கட்டிவிட்டார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இவர் "இல்ல, அப்படி இல்ல, நிறுத்துங்க" என்று கையைத் தூக்கினார். முன்வரிசை மாணவர்கள் அப்படியே சரிந்து விழுந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணி. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தூக்கின கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்கு அன்றைக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் என்கிறார்.

உங்கள் தம்பி மனைவி

*

செப்டம்பர் 2

தம்பிக்கு,

நீ நின்றாய். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் பேசிப் பேசிச் சந்தோஷப்படுகிறோம். மற்றதைப் பற்றி யோசிக்காதே. கச்சையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பு.

இங்கே நடக்கிற கூத்தைக் கேள். பட்டம் இப்போது உனக்காம். துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். "உங்க பரம்பரையிலயே இருந்திருக்கு, சொல்லவே இல்லையேம்மா! அப்பா என்ன செஞ்சுட்டிருந்தார்?" என்றார். பஸ் கண்டக்டர் என்றேன். "ஓடற வண்டியில பிடி இல்லாம நிக்கறதே ஒரு நிலைதானே" என்று எழுதிக்கொண்டார். அந்த மனுஷன் முகத்தில் டீயை ஊற்றாமல் வந்தது என் வளர்ப்பு. அப்பாவையும் இந்தச் சாக்கடையில் இழுத்துவிட்டார்கள்.

எட்டு வருஷம் உன்னைத் தரையில் அறைந்தவர்கள் இன்றைக்கு உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். இறங்கிவிடு. அவர்களிடம் உண்மையைச் சொல்லு, சொல்லிவிட்டு வா. தையல்கடைக்கு எழுதினால் நீ அங்கே போவதில்லை என்கிறாள், அதனால் இதைக் கூடத்துக்கே அனுப்புகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

அறை அப்படியே இருக்கிறது.

அக்கா

*

நவம்பர் 11

அன்புள்ள சகோதரிக்கு,

இவ்விடம் யாவரும் நலம். தங்களுடைய நலத்தையும் மாமா அவர்களின் நலத்தையும் விழைகிறோம். பெரிய ஆசான் கூடத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டதால் பணி மிகுதி, உடனே எழுத இயலவில்லை. மாணவர் ஒருவர் தட்டச்சு செய்கிறார்.

தாங்கள் சொன்னபடியே செய்தேன். மறுநாளே வகுப்பில், இது எல்லாம் பொய், எனக்கு எதுவும் இறங்கவில்லை என்று சொன்னேன். எல்லோரும் தலைகுனிந்து கேட்டார்கள். அடக்கம் என்ற பாடமாக எழுதிக்கொண்டார்கள். இரண்டு மூன்று முறை சொன்னேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஆனால் சென்ற வாரம் நடந்ததைத் தங்களிடம் சொல்ல வேண்டும். புதிதாக ஒருவர் வந்தார். பத்திரிகைக்காரர். கையைக் கட்டிக்கொண்டு ஏளனமாக நின்றார். அவருக்கு முன்னால் வரிசை இல்லை. யாரும் விழுந்து காட்டவில்லை. நான் கையை உயர்த்தினேன். விழுந்தார். தாங்கள் படித்தவர், இதற்கு என்ன விளக்கம்? அன்று வரிசையில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், ஏதோ ஆகியிருக்கிறது என்றே தோன்றுகிறது. எனக்குத்தான் அது புரியவில்லை.

இங்கு வரும் கடிதங்களை மாணவர்கள்தான் பிரித்து வாசிக்கிறார்கள். தாங்கள் என்னை 'நீ' என்று எழுதுவது அவர்களுக்கு மனவருத்தமாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் இனி மரியாதையாக எழுதினால் நன்று.

ஆசிகளுடன்,
ஆசான்

*

டிசம்பர் 3

டேய்,

ஆசி அனுப்பியிருக்கிறாய். எனக்கு! டவுசர் போட்டுவிட்டு, மூக்குத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூட வாசல் வரை இழுத்துக்கொண்டு போனவளுக்கு. மரியாதை வேறு கேட்கிறாய். இதை வாசிக்கிற மாணவர்களே, உரக்க வாசியுங்கள், கடைசி வரை வாசியுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் உன் பெண்டாட்டி ஒரு பையோடு வந்து நின்றாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றாள். மாமா கடைக்குப் போகிற வரை அதையே சொன்னாள். பிறகு சொன்னாள்.

"சமையலறையில நின்னுட்டிருந்தேன் அண்ணி. உள்ள வந்தார். கையத் தூக்கினார். விளையாடறார்னு நினைச்சு சிரிச்சேன். அவர் சிரிக்கல. இன்னொரு தடவை தூக்கினார். 'ஏன் இன்னும் நிக்கிற?'ன்னார். எனக்கு ஒண்ணும் ஆகலயேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கிட்ட வந்து தள்ளிட்டார்."

மேஜை முனையில் கை அடித்துக்கொண்டதாம். விழுந்து கிடந்தவளைப் பார்த்து நீ தலையாட்டினாயாம், ஏதோ நிரூபித்துவிட்ட மாதிரி. தூக்கிவிடவில்லையாம்.

நிற்கச் சொல்லி எழுதியவள் நான். நீ நின்றபோது சந்தோஷப்பட்டவளும் நான். அவள் நின்றது உனக்குப் பொறுக்கவில்லை. உன் ஆசானாவது எட்டு வருஷத்தில் ஒரு நாளும் யார் மேலும் கை வைக்கவில்லை. அந்தத் தொப்பைக்காரனைவிட நீ கேடு கெட்டவனாகிவிட்டாய்.

துறைத்தலைவரிடம் இன்று சொன்னேன், உன்னைப் பற்றி எழுதத் தயார் என்று. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். எழுதப்போவது ஒரு பக்கம்தான். அதில் இந்தச் சமையலறை இருக்கும், மணிக்கட்டு இருக்கும். அவர் அச்சடிக்க மாட்டார். அச்சடிக்கிற இடம் எனக்குத் தெரியும்.

அவளைக் கூட்டிப்போக வராதே. எழுதிக்கொண்டே போனால் வாய் இன்னும் தடித்துவிடும்.

சீ.